பி.பி. சரியான பிறகும் மாத்திரை எதற்கு?

(திருமழிசையில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே அரசு மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசு மருந்தகத்தின் சன்னலுக்கு உள்ளே நின்று மாத்திரை எண்ணிக் கொடுப்பவன் நான். சன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இன்று அதையே எடுத்துக்கொள்கிறேன். "பி.பி. நார்மலுக்கு வந்துடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு சார் மாத்திரை?" சிப்காட், சிட்கோ தொழிலாளியும் கேட்கிறார், பூக்கட்டும் அம்மாவும் கேட்கிறார், முதுகலை படித்த ஆசிரியரும் கேட்கிறார். கேட்பவர்கள் பரவாயில்லை. கேட்காமலே நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இதற்கான பதில் ஒரு வரிதான். அளவு சரியாக இருப்பதற்குக் காரணமே மாத்திரைதான். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. தெரிகிறதே என்று யாரும் கண்ணாடியைக் கழற்றி வைப்பதில்லை. காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எல்லாம் சில நாள் வேலை. நோய் போனதும் மருந்தும் போகும். நமக்குப் பழக்கமான மருந்துகள் எல்லாம் அப்படி இருப்பதால் பி.பி. மாத்திரையையும் அதே கணக்கில் வைத்துவிடுகிறோம். அது அப்படிப்பட்ட மருந்து அல்ல. அது அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் அழுத்தம் பழையபடி ஏறும். ஏறுவது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. தலைவலி வந்தால் பி.பி. என்று நினைக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. மூளையில் ரத்தக்குழாய் அடைக்கும்போதோ சிறுநீரகம் பழுதாகும்போதோதான் தெரியவருகிறது.

இது யாருக்கோ வரும் நோய் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி வயதுவந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. இருபது பேர் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் அறையில் ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு பேரில் சிலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் என்ன கிடைக்கும்? இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. சர்ப்பகந்தா என்ற மூலிகையை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். 1949-ல் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல், அந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைத் தம் நோயாளிகளிடம் கண்டு பிரிட்டனின் இதயநோய் இதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1967-ல் வெளியானது. மிக அதிக அழுத்தம் இருந்த 143 ஆண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ரிசர்பின் சேர்ந்த மூன்று மருந்துகள், மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்குத்தான் வந்தது. உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுப்பது உயிரைக் காக்கும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிய முதல் ஆய்வுகளில் அது ஒன்று.

ஆசிரியர்களாகிய உங்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்றும் அதில் உண்டு. ஆய்வில் சேர்ப்பதற்கு முன்பே அவர்கள் ஒரு தேர்வு வைத்தார்கள். வெற்று மாத்திரைக்குள் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினைக் கலந்து கொடுத்தார்கள். அது சிறுநீரில் கலந்து புற ஊதா ஒளியில் ஒளிரும். மாத்திரை சாப்பிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, சிறுநீரும் சொல்ல வேண்டும். மாத்திரையையும் எண்ணிப் பார்த்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆக, 27-க்கும் 2-க்கும் உள்ள அந்த வேறுபாடு ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிடம் கிடைத்தது. மருந்து அலமாரியில் இருந்தால் அந்தப் பலன் கிடைக்காது.

"மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை" என்று சொல்பவர்களுக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. ரிசர்பின் மூலிகையிலிருந்து வந்ததுதான். சிலருக்கு அது மனச்சோர்வைக் கொடுத்தது. இன்று அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டதால் அதை அரிதாகவே தருகிறார்கள். வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவு இருக்கலாம். அதனால்தான் கண்காணிப்பு வேண்டும் என்கிறோம்.

தமிழ்நாட்டில் இன்று மருந்து கிடைக்கவில்லை என்று சொல்லும் நிலை பெரிதும் குறைந்திருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி அரசு நிலையங்களுக்கு அனுப்புகிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. பூவிருந்தவல்லிக்கு இரண்டு பேருந்து மாறிப் போக முடியாத பாட்டிக்கும் இன்று வாசலில் மாத்திரை கிடைக்கிறது. கிடைத்த மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறாரா என்பதுதான் இனி நம் கேள்வி.

அடுத்து, எப்படிச் சாப்பிடுவது என்று பார்ப்போம்.

முதலில் நேரம். தினமும் ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையா இரவா என்று மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள். நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு அதைச் சேர்த்துவிடுங்கள். பல் துலக்குவதோ, விளக்கேற்றுவதோ, பைக்கு டிபன் பாக்ஸ் வைப்பதோ, ஏதாவது ஒன்று. ஒரு வேளை மறந்துபோனால், அன்றைக்கே நினைவு வந்தால் சாப்பிடலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். நேற்றைக்கும் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள்.

மாத்திரை மாற்றிய இரண்டாம் நாளே "கேட்கவில்லை" என்று வேறு மருத்துவரிடம் ஓடாதீர்கள். அம்லோடிபின் போன்ற மருந்து முழுமையாக வேலை செய்ய ஒரு வாரத்துக்கும் மேல் ஆகலாம். அளவு பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணிக்குள் காபி, டீ வேண்டாம். நான்காம் பாடவேளை முடிந்து மாடிப்படி ஏறி வந்த கையோடு பார்த்த அளவை வைத்து மருந்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அடுத்தது பக்கவிளைவு. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். எனாலாபிரில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் தரும். இருமல் மருந்தாகக் குடித்துக்கொண்டே மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரையை மருத்துவர் மாற்றியதும் இருமல் நின்றது. ஆகவே நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. அடினலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தமும் இதயத் துடிப்பும் எகிறும். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர் அறையில் நடப்பது. "உங்க மாத்திரை நல்லா கேக்குது போலிருக்கே, பேரைச் சொல்லுங்க, நானும் வாங்கிக்கிறேன்." அன்பாகத்தான் கேட்கிறோம், அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் கணித ஆசிரியருக்கு ஆஸ்துமா இருக்கலாம். அவருக்கு அடினலால் மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். இளம் ஆசிரியை ஒருவர் கருவுற்றிருக்கலாம். எனாலாபிரில், டெல்மிசார்டான் வகை மாத்திரைகள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொன்னால் பாதுகாப்பான மருந்துக்கு மாற்றிக் கொடுப்பார். பி.பி. மாத்திரைகள் மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

நான்காவதாகச் சொல்லப்போவதைத் தமிழாசிரியர்கள் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். மருந்துப் பெயர்களுக்கும் விகுதி உண்டு. அம்லோடிபின், நிஃபெடிபின், சில்னிடிபின் மூன்றுக்கும் 'டிபின்' விகுதி. எனாலாபிரில், ராமிபிரில் இரண்டுக்கும் 'பிரில்'. டெல்மிசார்டான், லோசார்டான் இரண்டுக்கும் 'சார்டான்'. அடினலால், மெட்டோபிரலால் இரண்டுக்கும் 'லால்'. விகுதி ஒன்றானால் வேலையும் ஒன்று. மாத்திரை அட்டையில் நிறுவனம் வைத்த பெயரும் இருக்கலாம். அது மருந்தின் பெயர் அல்ல, மருந்தின் பெயர் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். வாங்கியதும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

இது ஏன் முக்கியம்? வயதான ஓர் அம்மாவுக்கு வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அம்லோடிபின் கொடுத்துக்கொண்டிருந்தார். மகன் ஒரு தனியார் மருத்துவரிடமும் அழைத்துப் போனார். அவர் எழுதியது வேறு பெயருள்ள மாத்திரை. அதற்குள்ளும் அம்லோடிபின், கூடவே அடினலால். அந்த அம்மா இரண்டையும் சாப்பிட்டார். ஒருநாள் விடியற்காலை படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிக் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. யாரும் தவறான மருந்து கொடுக்கவில்லை. இருவர் கொடுத்ததும் ஒரே மருந்து என்பதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. ஒரே விகுதியில் இரண்டு மாத்திரை இருந்தாலும், 'பிரில்' ஒன்றும் 'சார்டான்' ஒன்றும் சேர்ந்திருந்தாலும், அடுத்த வேளைக்கு முன் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்.

இதற்கு எளிய வழி மஞ்சப்பை. வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும், சூரணம், லேகியம், வலித்தைலம் உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதி நாளும் இருக்கும் பகுதியைக் கடைசி வரை வைத்திருங்கள். அடுப்பங்கரை அலமாரியும் வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் பெட்டியும் மாத்திரைக்கு உகந்த இடங்கள் அல்ல. அரசு மாத்திரை விலையில்லாதது என்பதால் தரம் குறைந்தது என்று நினைக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் கிடைக்கும் குறைந்த விலை மருந்திலும் மருந்தின் பெயர் அதேதான் இருக்கும்.

ஐந்தாவது, கூட்டுச் சேரக் கூடாதவை. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். நாள் முழுக்க நின்று பாடம் நடத்துபவர்களுக்கு முட்டிவலி வராமல் இருக்காது. மருத்துவரிடம் பி.பி. இருப்பதைச் சொல்லி மருந்து கேளுங்கள். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகள் சிலவும் அழுத்தத்தை ஏற்றும். தண்ணீரில் போட்டதும் பொங்கும் மாத்திரையிலும் வயிற்றெரிச்சல் பொடியிலும் சோடியம் நிறைய இருக்கும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். 'பிரில்', 'சார்டான்' சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆபத்தாகலாம், கேட்காமல் வாங்காதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைத்தால் மருந்துக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அது. எடையும் உப்பும் குறைந்து அழுத்தம் நன்றாக இறங்கினால் மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார். குறைப்பதை அவர் செய்ய வேண்டும்.

உங்கள் வேலையோடு சேர்ந்த சிக்கல்களும் உண்டு. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பொதுத்தேர்வு மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம், தேர்தல் பணி நாள்களில் கழிப்பறையை நினைத்து மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சிலர் தண்ணீரும் குடிப்பதில்லை. ஆசிரியைகள் பலர் இதை வெளியே சொல்வதுமில்லை. விடாதீர்கள். நேரத்தை மாற்ற முடியுமா, வேறு மருந்து உண்டா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். தேர்தல் பணிக்குப் போகும்போது இரண்டு நாள் மாத்திரையை அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியர்களுக்குப் பூட்டில்லாத, தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை இருந்தால் பலருடைய பி.பி. மாத்திரை வேளை தவறாது.

ஏகாதசி, சஷ்டி, ரம்ஜான் நோன்பு வைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வேளையை மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வாந்தி பேதி கண்டு உடம்பில் நீர் வற்றும்போது நீர் பிரியும் மாத்திரையையும் 'பிரில்', 'சார்டான்' வகைகளையும் தொடரலாமா என்று அன்றைக்கே கேளுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பதும், இருக்கிற பி.பி. மாத்திரையில் இரண்டை எடுத்துப் போடுவதும் வேண்டாம். அழுத்தம் சட்டென்று விழுந்தாலும் மூளைக்கு ஆபத்துதான்.

இனி உங்கள் மாணவர்களைப் பற்றி. இந்தப் பகுதியில் அப்பா ஷிஃப்டில், அம்மாவும் வேலையில். வீட்டில் இருப்பது பாட்டியும் பேரப்பிள்ளையும். பாட்டிக்கு எழுத்து தெரியாது. மாத்திரை தீர்ந்ததும் வெற்று அட்டையை மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறார். கிழிந்த அட்டையில் பெயர் பாதிதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் அம்லோடிபினும் அமிலோரைடும் ஒன்றுபோலவே தெரியும். 2.5, 5, 10 என்று அளவும் மாறும். பாட்டியின் உயிர் ஓர் எட்டு வயதுப் பிள்ளையின் நினைவாற்றலில் தொங்குகிறது. அந்தப் பிள்ளைக்கே ஆபத்தும் இருக்கிறது. மிட்டாய் என்று நினைத்து ஒரு குழந்தை விழுங்கும் ஓரிரண்டு பி.பி. மாத்திரை அதன் உயிரைப் பறிக்கப் போதும்.

எனவே உங்களிடம் மூன்று கேட்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே, மாத்திரை மிட்டாய் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில், மாத்திரையைப் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும் பிள்ளையை மருந்துக் கடைக்கு அனுப்பாமல் இருக்கவும் சொல்லுங்கள். உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களே, காலாவதி நாள், மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு இந்த மூன்றையும் அட்டையில் கண்டுபிடிக்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். வெற்று அட்டைகளே பாடப்பொருள், செலவில்லை. படித்துக் காட்டுவதோடு மாணவர் வேலை முடிகிறது, முடிவெடுப்பது பெரியவர்களும் மருத்துவரும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மூன்றாவது, எந்த வீட்டில் மாத்திரை நின்றுபோயிருக்கிறது என்பது பிள்ளைகளின் பேச்சிலிருந்து எங்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பாட்டி இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடவில்லை என்று காதில் விழுந்தால், பெற்றோரை அழைத்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், சுகாதாரத் தன்னார்வலரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மாத்திரை அட்டையை ஒரு முறை படித்துப் பாருங்கள். உங்கள் மருந்தின் பெயர் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். சந்தேகம் எது இருந்தாலும் எங்கள் சன்னலுக்கு வாருங்கள், வரிசையில் நின்றாவது கேளுங்கள். கேட்காமல் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.